அன்புக்குரியவர் உங்கள் பொருளைச் சேதப்படுத்தினால்
முதுமை மறதிநோய் உள்ளவரைப் பராமரிப்போருக்கான வழிகாட்டி

வேலை முடிந்து வீடு திரும்புகிறீர்கள். வரவேற்பறைத் தரையில் உங்கள் அம்மா அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் உங்கள் கல்யாணச் சேலை, கையில் கத்தரிக்கோல். முந்தானை நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. உங்களைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து, "வந்துட்டியா? இன்னும் கொஞ்சந்தான் இருக்கு" என்கிறார்.

உங்களுக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. "என்னம்மா செஞ்சு வெச்சிருக்கீங்க!" என்று கத்திவிடுகிறீர்கள். அம்மா பயந்துபோகிறார். பிறகு அவரும் கத்துகிறார். அரை மணி நேரம் கழித்து, எதற்காகச் சண்டை நடந்தது என்பதே அவருக்கு நினைவில் இல்லை. உங்களுக்கு மட்டும் எல்லாம் நினைவில் இருக்கிறது.

சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 11 பேரில் ஒருவருக்கு முதுமை மறதிநோய் இருப்பதாக, மனநலக் கழகம் 2023ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஆய்வு காட்டியது. அவர்களில் பலர் குடும்பத்தாரோடு வீட்டிலேயே வாழ்கிறார்கள். கிழிந்த புகைப்படம், தண்ணீரில் போட்ட கைத்தொலைபேசி, குப்பையில் வீசப்பட்ட கண்ணாடி என்று ஏதேனும் ஒன்று இவ்வீடுகளில் நடக்கத்தான் செய்கிறது.

இந்த வழிகாட்டி சொல்லவருவது இதுதான்: பொருள் பாழானது உண்மை, உங்கள் வருத்தமும் உண்மை. ஆனால், அதைச் செய்யவைத்தது நோய். முதலில் அவரை அமைதிப்படுத்துங்கள். பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வருத்தத்தையும் கவனிக்க மறந்துவிடாதீர்கள்.

ஏன் இப்படி நடக்கிறது?

முதுமை மறதிநோய் நினைவாற்றலை மட்டும் பாதிப்பதில்லை. பொருள்களை அடையாளம் காண்பது, விளைவை யோசிப்பது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது போன்ற திறன்களும் குறைகின்றன. அதனால் ஒரே மாதிரியான சேதத்துக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்.

• பொருள் எதற்கு என்பது தெரியாமல் போகிறது. கண்ணுக்குத் தெரிந்தாலும், அது என்னவென்று மூளை சொல்வதில்லை. கடப்பிதழ் அவருக்கு வெறும் பழைய தாளாகத் தோன்றலாம்.

• கட்டுப்பாடு தளர்கிறது. "இதைச் செய்யக்கூடாது" என்று தடுப்பது மூளையின் முன்பகுதி. அது பாதிக்கப்பட்டால், தோன்றிய கணமே கை செய்துவிடும்.

• சந்தேகமும் பயமும் எழுகின்றன. வைத்த இடம் மறந்துவிடுவதால், "யாரோ திருடிவிட்டார்கள்" என்று நினைக்கிறார். கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தையே அந்நியர் என்று எண்ணி, அதை அடித்து உடைப்பவர்களும் உண்டு.

• கைக்கு வேலை தேடுகிறார். நாள் முழுவதும் சும்மா அமர்ந்திருப்பவர், எதையாவது பிய்ப்பார், கிழிப்பார், பிரிப்பார். காது கேட்கும் கருவியையும் பல்செட்டையும் திசுத்தாளில் சுற்றி எறிந்துவிடுவதும் உண்டு.

• உடம்பின் தேவையைச் சொல்லத் தெரியவில்லை. வலி, பசி, மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கும் அவசரம் ஆகியவற்றை வார்த்தையில் சொல்ல முடியாதபோது அவை கோபமாக வெளிப்படலாம்.

• பழைய பழக்கம் திரும்புகிறது. சேலையை வெட்டிய அம்மா, இளம் வயதில் தையல் வேலை செய்தவராக இருக்கலாம். அவர் கணக்கில் அவர் எதையும் பாழாக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் முக்கியம். நடந்ததை அவர் சீக்கிரம் மறந்துவிடலாம். ஆனால், அப்போது ஏற்பட்ட பயமோ அவமானமோ அதற்குப் பிறகும் அவரிடம் தங்கியிருக்கும். ஏன் மனம் கலங்கியிருக்கிறது என்று தெரியாமலேயே அவர் கலங்கியிருப்பார். திட்டினால் அவர் பாடம் கற்றுக்கொள்வதில்லை. பயம் மட்டும்தான் மிஞ்சுகிறது. அந்தப் பயமே அடுத்த சேதத்துக்கும் காரணமாகலாம்.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

1. ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரையில் உடைந்த கண்ணாடி கிடந்தால், வெறுங்காலோடு இருக்கும் அவரை நாற்காலியில் அமரச் செய்யுங்கள். கையில் கத்தரிக்கோலோ கத்தியோ இருந்தால் பிடுங்காதீர்கள். அவருக்குப் பிடித்த வேறு ஒன்றைக் காட்டி, "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

2. ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து இல்லை என்றால், உடனே பேசவேண்டும் என்று இல்லை. சமையலறைக்குச் சென்று தண்ணீர் குடியுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள்.

3. எதிரில் வந்து, அவர் கண்மட்டத்துக்கு அமருங்கள். பின்னாலிருந்து வந்தால் அவர் திடுக்கிடுவார். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். வீட்டில் எல்லாரும் சுற்றி நின்றால், அவருக்கு அது விசாரணைபோல் இருக்கும்.

4. உணர்வுக்குப் பதில் சொல்லுங்கள். அவர் பயந்திருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா, அல்லது மகிழ்ச்சியாக எதையோ செய்துகொண்டிருக்கிறாரா என்று முகத்தைப் பாருங்கள். அதற்கு ஏற்பப் பேசுங்கள்.

5. வாதாட வேண்டாம். "ஏன்" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. பதில் தெரியாதபோது அவர் தற்காத்துக்கொள்ளப் பார்ப்பார், அல்லது "நான் செய்யவே இல்லை" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணாதீர்கள். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

6. கவனத்தைத் திருப்புங்கள். தே கலக்கிக் கொடுப்பது, பழைய பாட்டு போடுவது, தாழ்வாரத்தில் சிறிது நடப்பது என்று அவருக்குப் பழக்கமான ஒன்று போதும்.

7. சேதத்தைப் பிறகு சுத்தம் செய்யுங்கள். அவர் முன்னிலையில் துண்டுகளைக் காட்டிக் காட்டிப் பொறுக்கவேண்டாம்.

அவர் பொருள்களை வீசி எறிந்துகொண்டிருந்தால், கைக்கெட்டாத தூரத்தில் நில்லுங்கள். கதவுக்கும் அவருக்கும் நடுவே நிற்காதீர்கள். கைகளைப் பிடித்து அடக்க முயலவேண்டாம். பெரும்பாலும் சிறிது நேரத்தில் வேகம் குறையும்.

எப்படிப் பேசலாம்?

கோபத்தில் வாயில் வரும் சொல்லுக்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்:

அம்மா சேலையை வெட்டிக்கொண்டிருக்கிறார்.
தவிர்க்கவேண்டியது: "இது என்னன்னு தெரியுதா உங்களுக்கு? என் கல்யாணச் சேலை!"
சொல்லக்கூடியது: "என்ன தைக்கிறீங்கம்மா? எனக்கும் காட்டுங்க. அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கொடுங்க, நான் வெட்டித் தரேன்."

அப்பா கைத்தொலைபேசியைத் தண்ணீரில் போட்டுவிட்டார்.
தவிர்க்கவேண்டியது: "எத்தனை தடவை சொல்லிட்டேன் தொடாதீங்கன்னு!"
சொல்லக்கூடியது: "சரிப்பா, நான் பார்த்துக்கிறேன். வாங்க, தே குடிக்கலாம்."

மாமியார் கைப்பையைக் கிழித்துவிட்டு, பணத்தை நீங்கள் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்.
தவிர்க்கவேண்டியது: "நானா எடுத்தேன்? நீங்கதான் எங்கேயோ வெச்சுட்டு மறந்துட்டீங்க!"
சொல்லக்கூடியது: "பணம் காணோம்னா கவலையாத்தான் இருக்கும் அத்தை. வாங்க, சேர்ந்து தேடுவோம்."

தாத்தா கண்ணாடியை அடிக்கிறார்.
தவிர்க்கவேண்டியது: "அது நீங்கதான் தாத்தா, வேற யாரும் இல்ல!"
சொல்லக்கூடியது: "பயமா இருக்கா தாத்தா? நான் கூடவே இருக்கேன். அந்தப் பக்கம் போய் உட்காருவோம்." பிறகு, அந்தக் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள்.

இப்படிப் பேசுவதால் சேதத்தைச் சரி என்று ஒப்புக்கொள்வதாகிவிடாது. "நீங்கள் இங்கே பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்பதைத்தான் அவருக்குச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது அதுதான்.

உங்கள் வருத்தத்துக்கும் இடம் கொடுங்கள்

"வெறும் சேலைதானே, வேற வாங்கிக்கலாம்" என்று மற்றவர்கள் சொல்லக்கூடும். ஆனால், பறிபோனது துணி மட்டுமல்ல என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்ததே அம்மாவாக இருக்கலாம். அதன் மதிப்பை அறிந்த அம்மா இப்போது அதை அறியாத நிலையில் இருக்கிறார். உங்கள் அழுகை பாதி சேலைக்கு, பாதி அம்மாவுக்கு. அழுவதில் தவறில்லை. நோயாளிமேல் கோபப்பட்டுவிட்டோமே என்று உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளவும் வேண்டாம்.

• அவரிடமிருந்து மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள். நினைவில்லாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க வைப்பது இருவருக்கும் வேதனை. அந்த ஆறுதலை உடன்பிறந்தவரிடமோ நண்பரிடமோ மற்றொரு பராமரிப்பாளரிடமோ தேடுங்கள்.

• கத்திவிட்டீர்களா? அமைதியானதும் அருகில் அமர்ந்து, "சத்தம் போட்டுட்டேன்மா, மன்னிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். காரணத்தை விளக்கவேண்டாம். உங்கள் குரலில் உள்ள கனிவு அவரைச் சென்றடையும்.

• மிஞ்சியதை உடனே எறியாதீர்கள். கிழிந்த புகைப்படத்தை மின்வருடி நகலெடுக்கலாம். சேலையின் கரையைச் சட்டமிட்டு வைக்கலாம். கிழிந்த பண நோட்டுகளைத் துண்டுகளோடு சேர்த்து வைத்து, மாற்றமுடியுமா என்று வங்கியில் கேளுங்கள். அடையாள அட்டையோ கடப்பிதழோ சேதமானால் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் மாற்று ஆவணத்துக்கு விண்ணப்பியுங்கள். சேதமான கடப்பிதழோடு பயணம் புறப்படவேண்டாம்.

கை ஓங்கிவிடுவோமோ என்று தோன்றும் நாளும் வரலாம். அவர் பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு, அடுத்த அறைக்குச் செல்லுங்கள். யாரையாவது தொலைபேசியில் அழையுங்கள். அது தோல்வியல்ல. உங்களுக்கு ஓய்வு தேவை என்பதற்கான அறிகுறி.

காரணத்தைக் கண்டுபிடிக்க: குறித்து வையுங்கள்

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு முறையும் நான்கு விவரங்களை எழுதுங்கள்:

• எப்போது, எங்கே நடந்தது?
• அதற்குச் சற்று முன் என்ன நடந்துகொண்டிருந்தது?
• அவர் என்ன செய்தார்?
• அதற்குப் பிறகு என்ன செய்தபோது அமைதியானார்?

இரண்டு வாரம் எழுதினால் ஏதாவது ஓர் ஒழுங்கு தெரியவரும். எடுத்துக்காட்டாக, எல்லாமே மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் நடந்திருக்கலாம். மறதிநோய் உள்ள பலருக்கு மாலை நேரத்தில் குழப்பம் கூடும். வீட்டில் வெளிச்சம் குறைகிறது, சமையலறையில் சத்தம், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருகிறார்கள், அவரைக் கவனிக்க யாரும் இல்லை. காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். 4.30 மணிக்கே விளக்கைப் போடுங்கள், பலகாரம் கொடுங்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது இந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

மீண்டும் நடக்காமலிருக்க

முக்கியமானதைக் கண்ணில் படாமல் வையுங்கள். தாலி, நகை, கடப்பிதழ், வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். எல்லா அலமாரிகளையும் பூட்டினால் அவர் மேலும் பதற்றமடைவார். சிலவற்றை அவர் விருப்பம்போல் திறந்து பார்க்க விட்டுவிடுங்கள்.

நகல் எடுத்து வையுங்கள். குடும்பப் புகைப்படங்களை நகலெடுத்து, நகலை அவர் கையில் கொடுங்கள். மூலப்படம் பத்திரமாக இருக்கட்டும். அவர் படத்தைப் பார்க்கும் மகிழ்ச்சியையும் இழக்கமாட்டார்.

கைக்கு வேலை கொடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது, பூக் கட்டுவது, துண்டுகளை மடிப்பது போன்ற, அவர் காலமெல்லாம் செய்த வேலைகளைக் கை எளிதில் மறப்பதில்லை. தையல் வேலை செய்தவருக்கு ஒரு பெட்டி நிறைய வெட்டுத் துணிகளும் பொத்தான்கள் தைத்த துணியும் கொடுக்கலாம். தளர்ந்த பொத்தான்களை வாயில் போடும் அபாயம் இருந்தால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

மாற்றிவிடக்கூடியதை மாற்றுங்கள். கண்ணாடிக் குவளைக்குப் பதில் எவர்சில்வர் குவளை வைக்கலாம். கத்தி, கத்தரிக்கோல், மருந்து, துப்புரவுத் திரவங்கள் எட்டாத இடத்தில் இருக்கட்டும். குப்பையைக் கொட்டும் முன் ஒருமுறை பாருங்கள். பல்செட், காது கேட்கும் கருவி, மோதிரம் அதில் இருக்கலாம்.

பிள்ளைகளும் பணிப்பெண்ணும்

தொடக்கநிலை 5ல் படிக்கும் மகள் இரண்டு வாரம் செய்த பள்ளித் திட்ட வேலையைப் பாட்டி கிழித்துவிட்டார். "பாட்டி பாவம், விடு" என்று மட்டும் சொன்னால், தன் இழப்பு யாருக்கும் பொருட்டில்லை என்று பிள்ளை நினைக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீ கஷ்டப்பட்டு செஞ்சது போச்சுன்னு எனக்கும் வருத்தமா இருக்கு. பாட்டியோட மூளைக்கு உடம்பு சரியில்ல. உன்மேல கோபத்துல அவங்க செய்யல. நம்ம ரெண்டு பேரும் டீச்சர்கிட்ட சொல்லி, திரும்பச் செய்வோம்." பிள்ளைக்கென்று பூட்டக்கூடிய ஓர் இழுப்பறையும் கொடுங்கள்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால், அவருடைய பொருள்களும் சேதமாகலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த பிள்ளையின் படமோ, சேமித்து வாங்கிய கைத்தொலைபேசியோ அவருக்கு உங்கள் சேலையைப் போல்தான். அவர் கேட்கத் தயங்குவார். நீங்களே விசாரித்து, ஈடுசெய்யுங்கள். அவருக்கும் பூட்டக்கூடிய அலமாரி வேண்டும். மறதிநோய் பற்றியும் அவரிடம் விளக்குங்கள்.

அண்டைவீட்டாரின் பொருள் சேதமானால்

பொதுத் தாழ்வாரத்தில் இருக்கும் பூச்செடியைப் பிடுங்குவது, காலணிகளை எடுத்து வருவது போன்றவை வீவக புளோக்குகளில் நடக்கக்கூடியவை. அண்டைவீட்டார் கதவைத் தட்டும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே சென்று மன்னிப்புக் கேட்டு, புதிதாக வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள். "அப்பாவுக்கு மறதிநோய். அவர் தனியாக நடப்பதைப் பார்த்தால் தயவுசெய்து எனக்கு அழையுங்கள்" என்று தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். நோயை மறைத்தால் அது குறும்பாகவோ பகையாகவோ தோன்றும். தெரிந்துவிட்டால், பலர் உதவிக்கு வருவார்கள்.

எப்போது மருத்துவரை நாடவேண்டும்?

• சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ நடத்தை திடீரென்று மாறினால், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், வலி அல்லது புதிய மருந்து காரணமாக இருக்கலாம். சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள்கூடக் குழப்பத்தை அதிகரிக்கும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.
• இல்லாத ஆள்களையோ விலங்குகளையோ பார்ப்பதாகச் சொன்னால், மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• சேதமும் கோபமும் வாரத்துக்கு வாரம் கூடினால், பலதுறை மருந்தகத்தையோ உங்கள் குடும்ப மருத்துவரையோ பாருங்கள்.
• இதுவரை நோய் கண்டறியப்படாத முதியவரிடம் இத்தகைய மாற்றம் தெரிந்தால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவரை அமைதிப்படுத்த, மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். அதனால் அவர் விழுந்து அடிபடக்கூடும், குழப்பமும் கூடலாம்.

யாருக்காவது காயம் ஏற்பட்டால் 995 என்ற எண்ணில் அவசர மருத்துவ வாகனத்தை அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான மிரட்டல் இருந்தால், வெளியே சென்று 999 என்ற எண்ணில் காவல்துறையை அழையுங்கள். அவருக்கு முதுமை மறதிநோய் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

• ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு: 1800 650 6060. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள், பராமரிப்பாளர் பயிற்சி, நீங்கள் ஓய்வெடுக்க உதவும் சேவைகள், நிதியுதவி ஆகியவை பற்றிக் கேட்டறியலாம்.
• டிமென்ஷியா சிங்கப்பூர்: 6377 0700. மறதிநோய் பற்றிய ஆலோசனைக்கும், மற்றப் பராமரிப்பாளர்களைச் சந்திக்கும் ஆதரவுக் குழுக்கள் பற்றி அறியவும் அழைக்கலாம்.
• தேசிய மனநல உதவித் தொலைபேசி: 1771. உங்கள் மனம் தாங்காத நேரத்தில், இரவானாலும் அழைக்கலாம்.

அழைக்கும்போது, "எங்க வீட்டு விஷயத்தை வெளியில சொல்றோமே" என்று கூச்சப்படவேண்டாம். மறுமுனையில் இருப்பவர்கள் இதுபோன்ற பல வீடுகளின் கதையைக் கேட்டவர்கள்.

நாளை மாலையும் அம்மா தரையில் அமர்ந்திருப்பார். அவர் அருகே ஒரு பெட்டி வெட்டுத் துணி இருக்கட்டும். சேலைகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். "வந்துட்டியா?" என்று அவர் கேட்டால், அவர் எதிரில் ஐந்து நிமிடம் அமருங்கள். என்ன தைக்கிறார் என்று கேளுங்கள்.